திட்டத்தை நிறுத்திவிட்டார்கள், கட்டணமும் கூடிவிட்டது: பிராட்பேண்ட் கம்பெனியிடம் எதைப் பிடித்துக்கொண்டு பேசுவது

இரவு பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் வந்த குறுஞ்செய்தி, ஆங்கிலத்தில் மூன்றே வரி. நீங்கள் இப்போது இருக்கிற 499 ரூபாய்த் திட்டம் அடுத்த மாதம் ஒன்றாம் தேதியோடு நிற்கிறது, தானாகவே 599 திட்டத்துக்கு மாற்றிவிடுவோம், பப்ளிக் ஐபி (வெளியிலிருந்து நம் வீட்டு இணைப்புக்கு நேராக வர உதவுகிற இணைய முகவரி) இனிமேல் திட்டத்தோடு வராது, வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்டிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனைக்கும் குலசேகரத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊருக்கு அந்தக் கம்பெனியின் கேபிள் மட்டும்தான் வருகிறது, அதனால் மறுநாள் காலையில் ரப்பர் வெட்டு முடிந்து டீக்கடைக்கு வந்த எல்லாரிடமும் இதே பேச்சு. கேபிள்காரத் தம்பி பைக்கை நிறுத்தியதும் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு, "எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்பிடி கூட்டலாம்?" என்று கேட்டார்கள். "அண்ணே, எனக்கே நேத்து ராத்திரிதான் மெசேஜ் வந்தது" என்றான். அவன் சொன்னது உண்மை என்றுதான் நினைக்கிறேன்.

"எப்படிக் கூட்டலாம்" என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது, ஆனால் பிடி இல்லை. நம் நாட்டில் பிராட்பேண்ட் கட்டணத்துக்கு அரசு வைத்த உச்சவரம்பு என்று எதுவும் கிடையாது. 1997இல் சட்டம் போட்டு உருவான தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், விலையை நிர்ணயிக்கிற அதிகாரத்தைக் கையில் வைத்திருந்தாலும் பிராட்பேண்டில் அதைப் பயன்படுத்தாமல் கம்பெனிகளிடமே விட்டிருக்கிறது. புதுத் திட்டம் ஒன்றை அறிவித்தால் ஏழு வேலை நாளுக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. 599 என்ன, 999 என்று வைத்தாலும் விலை என்ற ஒரே காரணத்துக்காக அதை யாரும் தடுக்க முடியாது. கஸ்டமர் கேரில் இருக்கிற பெண்ணிடம் அரை மணி நேரம் கட்டணத்தைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் கடைசியில் தொண்டை வலியோடு போனை வைப்பது இதனால்தான்.

அப்படியானால் நம் கையில் எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. விலையை விட்டுவிட்டு, அவர்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட காலத்தையும் நாம் ஏற்கெனவே கொடுத்த பணத்தையும் பிடிக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். மாதாமாதம் ஞாபகம் வைத்துக் கட்ட முடியவில்லை என்று அம்மா ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டியிருந்தார். 499 பெருக்கல் 12, அது 5,988 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 7,066 ரூபாய்க்கு ரசீது. செய்தி வந்தபோது ஐந்து மாதம் பாக்கி. கம்பெனி கேட்டது, அந்த ஐந்து மாதத்துக்கும் மாதம் நூறு ரூபாய் வித்தியாசம், வரியோடு 590. கட்டாவிட்டால் ஐந்து மாதம் என்பது நாலு மாதமாகக் குறையும் என்று ஆப்பில் காட்டியது. ஒரு வருடத்துக்கு என்று பணம் வாங்கிவிட்டு நடுவில் விலையை மாற்றுவது, மாதாமாதம் கட்டுகிறவருக்கு அடுத்த மாதத்திலிருந்து கூட்டுவது, இரண்டும் ஒன்றல்ல. டீக்கடையில் எல்லாரும் ஒரே குரலில் பேசினாலும் அவர்களில் வருடப் பணம் கட்டியவர்களின் வழக்கு வேறு, மாதம் கட்டுகிறவர்களின் வழக்கு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காததுதான் பெரிய குழப்பம்.

இதற்கு ஒரு பழைய விதி இருக்கிறது. 2006 மார்ச்சில் டிராய் தன் கட்டண ஆணையில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஒரு திட்டத்தில் சேர்ந்தவருக்கு, சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு அந்தத் திட்டம் கிடைக்க வேண்டும், அதற்குள் கட்டணத்தைக் கூட்டக் கூடாது. ஆறு மாதத்துக்கு மேல் செல்லும் என்று சொல்லி முன்பணம் வாங்கியிருந்தால், சொன்ன காலம் முழுக்க அந்தத் திட்டம் நீடிக்க வேண்டும். எங்கள் அம்மாவின் ரசீதுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற விதி. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: அது எழுதப்பட்டது தொலைபேசி இணைப்பு தருகிற நிறுவனங்களுக்காக. இணையம் மட்டும் விற்கிற கம்பெனி "அது எங்களுக்குப் பொருந்தாது" என்று சொல்லிப் பார்க்கும். சொல்லட்டும், அப்போதும் பணம் வாங்கிக்கொண்டு சொன்ன சேவையைத் தராதது நுகர்வோர் சட்டப்படி சேவைக் குறைபாடுதான், அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

சேவையையே நிறுத்துகிறார்கள் என்றால் அதற்கும் வழிமுறை உண்டு. உரிமம் வாங்கிய நிறுவனம் தன் உரிமத்தைத் திருப்பிக் கொடுப்பதாக இருந்தால் அரசுக்கு 60 நாள் முன்னால் சொல்ல வேண்டும், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் 30 நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று உரிம நிபந்தனையிலேயே இருக்கிறது. ஒரு திட்டத்தை மட்டும் விலக்கிக்கொள்வதற்கு இவ்வளவு கெடுபிடி கிடையாது. அதனால் வந்த செய்தியில் நிற்பது திட்டமா, சேவையா என்பதை முதலில் நிதானமாகப் படித்துப் பாருங்கள்.

இனி, எதற்காகக் கூட்டுகிறார்கள் என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம், அது தெரிந்தால்தான் பின்னால் சொல்லப்போகிற ஒரு விஷயம் புரியும்.

நம் வீட்டுக்கு வருகிற ஃபைபர் நமக்கென்று தனியாக வருவதில்லை. கம்பெனியின் ஓஎல்டி பெட்டியில் இருக்கிற ஒரு துளையிலிருந்து ஒரே ஒரு கண்ணாடி இழை கிளம்பி, வழியில் ஸ்பிளிட்டர் என்கிற சின்னக் குழாயில் பிரிந்து பிரிந்து 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ போகிறது. நாகர்கோவிலில் கோட்டாற்றிலோ வடசேரியிலோ ஒரு தெருவில் நின்று கத்தினால் கேட்கிற தூரத்தில் 32 வீடு கிடைத்துவிடும். எங்கள் பக்கம் அப்படியில்லை. ஒரு வீடு, அப்புறம் ரப்பர் தோட்டம், ஒரு ஏற்றம், ஒரு தோடு (சின்ன ஓடை), அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு வீடு. அதே 32 வீட்டைச் சேர்க்க கிலோமீட்டர் கணக்கில் கேபிள் இழுக்க வேண்டியிருக்கிறது. இழுத்தபின் அது சும்மா இருக்கிறதா? தமிழ்நாட்டில் இரண்டு பருவமழையும் நன்றாகப் பெய்கிற மாவட்டம் இது, ஜூனில் ஒரு முறை, ஐப்பசியில் ஒரு முறை என்று ரப்பர் கிளை ஒடிந்து கேபிள் மேல் விழுகிறது. 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்ததைப் பார்த்தவர்கள்தானே நாம், கம்பத்தில் தொங்குகிற கேபிளும் கூடவே போயிற்று. நான்குவழிச் சாலை வேலைக்காக ஜேசிபி மண்ணைத் தோண்டுகிற இடங்களில் அறுந்துபோகிற கேபிளுக்குக் கணக்கே இல்லை. மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்தத் தம்பி ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு கம்பம் கம்பமாக நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு முறை எங்கள் வீட்டுச் சுவரோரம் உட்கார்ந்து, கேபிளின் கறுப்பு உறையை உரித்து, தலைமுடி போன்ற மெல்லிய இழையைத் துணியால் துடைத்து, மிஷினில் வைத்து ஒட்டி, வந்து சேர்கிற ஒளியை அளக்கிற மீட்டரில் மைனஸ் 22 என்று வந்ததும்தான் முகம் தெளிந்தான். மைனஸ் 27க்குக் கீழே போனால் லைன் நிற்காதாம்.

ஆக, செலவு இருக்கிறது. ஆனால் அந்த நூறு ரூபாயில் அந்தத் தம்பிக்கு எவ்வளவு போகிறது என்பது வேறு கேள்வி. பில்லில் பெயர் இருக்கிற கம்பெனி ஒன்று, அதற்கு மொத்தமாக இணையம் விற்கிற பெரிய கம்பெனி ஒன்று, கடைசியில் கம்பத்தில் ஏறுகிற உள்ளூர் கேபிள் ஆபரேட்டர். புகார் எழுதும்போது இந்த மூன்று பேரில் பில்லில் பெயர் இருக்கிறவரைத்தான் எழுத வேண்டும். உரிமம் அவர் பெயரில்தான் இருக்கிறது, பொறுப்பும் அவருடையதுதான்.

உரிமம் என்றதும் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு கேள்வியும் வந்துவிடுகிறது. களியக்காவிளையிலோ கொல்லங்கோட்டிலோ இருக்கிறவர்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பாறசாலையில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் குறைந்த காசுக்கு நெட் இருக்கிறதே, நமக்கு ஏன் வராது என்று கேட்கிறார்கள். இணைய உரிமம் மூன்று வகை. ஏ வகை இந்தியா முழுவதற்கும், பி வகை ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கு (ஏறத்தாழ ஒரு மாநில அளவு), சி வகை ஏறத்தாழ ஒரு மாவட்ட அளவுக்கு. கேரள வட்டத்துக்கு மட்டும் உரிமம் வாங்கியவர், வீடு கண்ணுக்குத் தெரிந்தாலும் எல்லையைத் தாண்டி ஒரு மீட்டர் கேபிள் இழுக்க முடியாது. 2023 ஜூனில் கேரள அரசு, மாதம் 299 ரூபாயிலிருந்து திட்டம் வைத்துத் தொடங்கிய கே-ஃபோன் என்ற இணையச் சேவை இருப்பதும் அங்கே மட்டும்தான். 1956 நவம்பர் 1இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது சரியான முடிவு, அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் நம் அரசின் ஃபைபரும் அதே வேகத்தில் வீட்டுவாசல் வர வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கிற பாரத்நெட் வேலையைத் தமிழ்நாடு 2022 ஜூனில் தொடங்கியது நம் மாவட்டத்தின் முத்தலக்குறிச்சி ஊராட்சியில்தான்.

இப்போது பப்ளிக் ஐபி. இதுதான் எங்கள் வீட்டில் பெரிய பிரச்சினையாகிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் காயப்போடுகிற கொட்டகையில் ஒரு கேமரா வைத்திருக்கிறோம், ஷீட்டும் ஒட்டுப்பாலும் திருட்டுப் போவது இந்தப் பக்கம் வழக்கம்தான். குவைத்தில் இருக்கிற மச்சான் அங்கிருந்தே அதைப் பார்ப்பார். ஒன்றாம் தேதி முதல் அவருக்குப் படம் வரவில்லை. கம்பெனியில் கேட்டால், ஸ்டாடிக் ஐபி, அதாவது நமக்கென்று மாறாத ஒரு முகவரி, வாங்குங்கள் என்றார்கள்.

விஷயம் இதுதான். இணையத்தில் பழைய முறை முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். ஆசியப் பகுதிக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. அதனால் கம்பெனிகள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன, ஒரு காம்பவுண்டுக்குள் இருபது வீடு இருந்து கேட்டில் ஒரே கதவு எண் எழுதியிருப்பது மாதிரி. உள்ளே இருக்கிறவர் வெளியே போகலாம், வெளியிலிருந்து வருகிறவருக்கு எந்த வீடு என்று தெரியாது. யூடியூப், வாட்ஸ்ஆப், ஆன்லைன் வகுப்பு எல்லாம் உள்ளிருந்து வெளியே போகிற வேலை, அவற்றுக்கு ஒரு குறையும் வராது. வெளியிலிருந்து நேராக உள்ளே வருகிற வேலை மட்டும் நின்றுபோகும், எங்கள் கேமரா அப்படித்தான் அமைக்கப்பட்டிருந்தது. உங்கள் வீட்டிலும் இதைச் செய்திருக்கிறார்களா என்று பார்க்க, மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் WAN முகவரி என்ற இடத்தைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதோ ஒன்றில் தொடங்கினால் நீங்கள் காம்பவுண்டுக்குள் இருக்கிறீர்கள்.

இதற்காக மாதாமாதம் பணம் கட்ட வேண்டியதில்லை என்பதைத்தான் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். இப்போது கடைகளில் கிடைக்கிற பெரும்பாலான கேமரா பெட்டிகளில் பி2பி என்றோ கிளவுட் என்றோ ஒரு வசதி இருக்கும். அதை ஆன் செய்து, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கிற க்யூஆர் குறியீட்டை மச்சானின் போனில் ஸ்கேன் செய்ய வைத்தால் போதும், கேமராவே வெளியே போய்த் தயாரிப்பாளரின் சர்வரில் காத்திருக்கும், மச்சானும் அங்கே வந்து பார்த்துக்கொள்வார். க்யூஆர் படத்தை வாட்ஸ்ஆப்பில் அனுப்பி எங்களுக்கு இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. அந்தக் கேமராவின் கடவுச்சொல்லை மட்டும் கட்டாயம் மாற்றிவிடுங்கள். அலுவலக சர்வர் வைத்திருப்பவர்கள், வீட்டிலிருந்தே பெரிய வேலை பார்க்கிறவர்கள், இவர்களுக்குத்தான் ஸ்டாடிக் ஐபி உண்மையிலேயே தேவைப்படும்.

சரி, 590 ரூபாய்க்கு வருவோம். போனில் பேசுவதோடு நிறுத்தாமல் டாக்கெட் நம்பர் (புகார் எண்) வாங்குங்கள். 2012இல் டிராய் கொண்டுவந்த குறைதீர்ப்பு விதிப்படி புகார் என்று சொன்னாலே அந்த நம்பரைத் தர வேண்டும், அது இல்லாமல் பேசியது பேசாததற்குச் சமம். திருப்தி இல்லையென்றால் அதே கம்பெனிக்குள் மேல்முறையீட்டு அலுவலர் இருப்பார், அவருக்கு 30 நாளுக்குள் எழுத வேண்டும், கட்டணம் எதுவும் கிடையாது, 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கு நேராகக் கடிதம் போடுகிறவர்கள் நிறையப் பேர், ஆனால் தனிநபர் புகாரை டிராய் விசாரிப்பதில்லை, கம்பெனிக்கே திருப்பி அனுப்பிவிடும், நாள்தான் வீணாகும்.

அம்மா பெயரில் நான் எழுதிய மின்னஞ்சலின் முக்கியப் பகுதி இது: "இத்தனாம் தேதி, இந்த ரசீது எண்படி, 12 மாதத்துக்கான முழுக் கட்டணமும் வரியும் பெற்றுக்கொண்டீர்கள். அந்தக் காலம் முடியும் வரை அதே கட்டணத்தில் சேவை தர வேண்டும். முடியாது என்றால் எந்த விதியின்படி முடியாது என்பதை எழுத்தில் தெரிவித்து, மீதி ஐந்து மாதப் பணத்தை வரியோடு திருப்பித் தர வேண்டும்." கோபமாக ஒரு வார்த்தை கூட இல்லை. ரசீதின் படத்தையும் குறுஞ்செய்தியின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். முதல் புகாருக்கு, திட்ட மாற்றம் கம்பெனியின் கொள்கை முடிவு என்று ஒற்றை வரிப் பதில். மேல்முறையீட்டுக்கு இருபத்துச் சொச்சம் நாளில் பதில் வந்தது, வருடம் முடியும் வரை பழைய கட்டணமே தொடரும், வித்தியாசத் தொகை ரத்து. பப்ளிக் ஐபி பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை, கேமரா சரியாகிவிட்டதால் நானும் விட்டுவிட்டேன்.

அங்கேயும் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, அதற்கு மேல் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகு, கம்பெனியின் அலுவலகம் எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை, பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். தொலைத்தொடர்பு வழக்கு நுகர்வோர் மன்றத்துக்கு வராது என்று சிலர் இன்னமும் சொல்வார்கள். 2009இல் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு தீர்ப்புச் சொன்னது உண்மைதான், அதனால் பல வருடம் மனுக்கள் வாசலோடு திரும்பின. 2022 பிப்ரவரியில் அதே உச்ச நீதிமன்றம், தனியார் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், நுகர்வோர் மன்றம் இதை விசாரிக்கலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

மாதம் கட்டுகிறவர்களுக்கு இந்தப் பிடி குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஆட்டோபே. யுபிஐயில் அனுமதி கொடுக்கும்போது அதிகபட்சம் ஆயிரம் என்று வைத்திருந்தால் 589 பிடித்த இடத்தில் 707 பிடித்தாலும் வங்கி நம்மைத் திரும்பக் கேட்காது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் ஒரு செய்தி வர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது, அதைத்தான் நாம் படிப்பதே இல்லை. விலகுவது என்று முடிவு செய்தால் மோடத்தைத் திருப்பிக் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள், டெபாசிட் கட்டியிருந்தால் அதைக் கேளுங்கள், இணைப்பை மூடி 45 நாளுக்குள் அது திரும்ப வர வேண்டும் என்பது 2024இல் வந்த சேவைத் தர விதி. லேண்ட்லைன் எண்ணும் அதே கம்பெனியில் இருந்தால் அவசரப்பட வேண்டாம். மொபைல் எண்ணை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோகலாம், 04651, 04652 என்று தொடங்குகிற வீட்டு எண்ணை அப்படிக் கொண்டுபோக முடியாது. வயதானவர்களின் எண் என்றால் ஆஸ்பத்திரி, வங்கி, வெளிநாட்டுப் பிள்ளைகள் என்று எத்தனை இடத்தில் கொடுத்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் அந்த 32 வீட்டுக் கணக்கு. ஒரே கம்பெனி இருக்கிற ஊரில் புகார் எழுதி ஒருவர் ஜெயிக்கலாம், ஆனால் ஊர் முழுக்கக் கட்டணம் குறைய வேண்டுமென்றால் இரண்டாவது கேபிள் வர வேண்டும். அருமனை ரோட்டிலிருந்து சர்ச் முக்கு வரை இன்னொரு ஆபரேட்டரின் கேபிள் ஏற்கெனவே வந்து நிற்கிறது, எங்கள் ஊருக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர்தான். போய்க் கேட்டபோது, "ஆள் இருந்தா இழுக்கலாம் அண்ணே, இல்லேன்னா எனக்குக் கட்டாது" என்று அவர் நேராகச் சொன்னார். அதனால் எங்கள் பக்கத்து அக்கா ஒருவர் கோடு போட்ட நோட்டில் வீட்டுப் பெயர், போன் நம்பர், இப்போது கட்டுகிற தொகை, வருடக் கட்டணம் என்றால் முடிகிற மாதம் என்று நாலு பத்தி பிரித்து வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார். நேற்று வரை பதினேழு வீடு. இருபத்தைந்து ஆனால் கேபிள் இழுக்கிறேன் என்று அந்த ஆபரேட்டர் சொல்லியிருக்கிறார். எங்கள் ரசீது தை மாதம் முடிகிறது.